நுரையீரல் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை சிடி ஸ்கேன்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் சிடி ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேசையில் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, எழுப்பி உட்கார வைக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நின்று முழுதாகப் பதில் சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் தெளிவோடு போவதற்கு இது உதவட்டும்.

நான் நல்லாத்தானே இருக்கேன், இருமல்கூட இல்ல. அப்புறம் எதுக்கு ஸ்கேன்?

நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனையே. நுரையீரலின் உள்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை, அதனால் உள்ளே ஒரு சின்னக் கட்டி சத்தமில்லாமல் வருடக்கணக்கில் வளரலாம். விடாத இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு, நெஞ்சுவலி என்று ஏதாவது தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் நோய் நிணநீர் முடிச்சுகளுக்கோ வேறு உறுப்புகளுக்கோ போயிருக்கும். அந்தக் கட்டத்தில் முழுக்கக் குணமாக்குவது கடினம், சின்னதாக ஓரிடத்தில் இருக்கும்போதோ அறுவை சிகிச்சையிலேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

இதை மாற்றிச் சொன்னால், இந்த அறிகுறிகள் ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிறது என்றால் முன்பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது வேறு வகை ஸ்கேன், வேறு வேகம்.

சாதாரண எக்ஸ்ரே எடுத்தா போதாதா? செலவும் கம்மி.

போதாது. இது யாரோ சொன்ன அபிப்பிராயம் இல்லை, அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வருடா வருடம் நெஞ்சு எக்ஸ்ரே, மறுபாதிக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 2011ல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இரு பக்கமும் வித்தியாசமே இல்லை.

காரணம் எளிது. எக்ஸ்ரே என்பது மொத்த நெஞ்சையும் ஒரே தாளில் அழுத்திவைத்த நிழல், விலா எலும்பு, இதயம், உதரவிதானம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அவற்றுக்குப் பின்னால் ஒரு 8 மில்லிமீட்டர் கட்டி ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. சிடி நெஞ்சை மெல்லிய துண்டு துண்டாகக் காட்டுவதால் ஒளிய இடமில்லாமல் போகிறது.

இதனால உயிர் பிழைக்கிறாங்கன்னு நிஜமாவே நிரூபிச்சிருக்காங்களா, இல்ல வியாபாரமா?

நிரூபித்திருக்கிறார்கள். இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்த என்எல்எஸ்டி ஆய்வில் 55 முதல் 74 வயதுவரை, நிறையப் புகைத்த 53,454 பேரை 2002 முதல் 2004 வரை சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு வருடம் ஒன்று என மூன்று முறை குறைந்த கதிரளவு சிடி, மீதிப் பேருக்கு எக்ஸ்ரே. 2011ல் வந்த முடிவில், சிடி எடுத்த பக்கம் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைவு. அடுத்து நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய நெல்சன் ஆய்வு, 2020ல் வெளியானது, பத்து வருடக் கணக்கில் ஆண்களிடம் 24 சதவீதம் குறைவு. பெண்களிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது, ஆனால் அதில் பெண்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அந்த எண்ணை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது.

20 சதவீதம் என்று கேட்டதும் பெரிதாகத் தெரியும், அதனால் இன்னொரு விதமாகவும் சொல்லிவிடுகிறேன்: என்எல்எஸ்டி கணக்குப்படி, அதிக ஆபத்துள்ள சுமார் 320 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. மற்ற 319 பேரில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வந்திருக்கவே போவதில்லை, சிலருக்கு வந்தும் ஸ்கேனால் காப்பாற்ற முடியாமல் போயிருக்கும். அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்பதால்தான் நான் இதை முக்கியமாக நினைக்கிறேன், ஆனால் எண்ணை மறைத்து யாரையும் கூட்டிவரக் கூடாது.

'முன்னாடியே கண்டுபிடிச்சவங்க ரொம்ப வருஷம் வாழ்றாங்க'ன்னு விளம்பரத்துல போடுறாங்களே, அது போதாதா ஆதாரம்?

அது ஆதாரமே இல்லை, இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒருவர் 70 வயதில் இந்த நோயால் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்து 68ல் கண்டுபிடித்தால் 'இரண்டு வருடம் வாழ்ந்தார்'. அதே மனிதருக்கு 64ல் ஸ்கேனில் தெரிந்து, அப்போதும் 70லேயே இறந்தால் 'ஆறு வருடம் வாழ்ந்தார்'. கணக்கில் மூன்று மடங்கு முன்னேற்றம், ஆயுளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை, நோய் தெரிந்த காலம் மட்டும்தான் நீண்டது.

அதனால்தான் சீட்டுக் குலுக்குவது மாதிரி ஆட்களைப் பிரித்து, இரண்டு பக்கமும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் அப்படி எண்ணியவை. எந்தப் பரிசோதனையை யார் விற்றாலும் 'மரணம் குறைந்ததா?' என்று கேளுங்கள், 'எத்தனை வருடம் வாழ்ந்தார்கள்?' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள்.

இந்த 'அதிக ஆபத்து' கணக்குல நான் வருவேனா?

முக்கியமாக இரண்டு விஷயம்: வயது, புகைத்த அளவு. அளவைப் பேக் இயர் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்க வேண்டும், பாக்கெட் என்றால் 20 சிகரெட். நாளைக்கு 20 வீதம் 20 வருடம் புகைத்தவருக்கும் நாளைக்கு 10 வீதம் 40 வருடம் புகைத்தவருக்கும் கணக்கு ஒன்றுதான், 20 பேக் இயர். பத்து சிகரெட் உள்ள சின்னப் பாக்கெட் வாங்குகிறவர்கள் 'தினம் ஒரு பாக்கெட்' என்று சொல்லிவிடுகிறார்கள், கணக்கு இரண்டு மடங்காகிவிடும், அதனால் எப்போதும் எண்ணிக்கையாகவே சொல்லுங்கள். பீடி, சுருட்டு என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கு சிகரெட்டுக்காகப் போட்டது என்பதால் அவற்றில் ஆபத்து குறைவு என்று அர்த்தமில்லை.

எல்லைக்கோடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021ல் சொன்னது: 50 முதல் 80 வயது, 20 பேக் இயர் அல்லது அதற்கு மேல், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடத்துக்குள் இருப்பவர், வருடம் ஒருமுறை. ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் 50 முதல் 70 வயது, 30 பேக் இயர், விட்டிருந்தால் 10 வருடத்துக்குள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இதெல்லாம் மொத்த மக்களுக்காக வரைந்த கோடுகள். நுரையீரல் அடைப்பு நோய், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை செய்தது, குடும்பத்தில் யாருக்காவது வந்தது போன்றவையும் உங்கள் ஆபத்தைக் கூட்டும், அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நான் விட்டே பத்து வருஷம் ஆச்சு. இன்னுமா ஆபத்து?

நல்ல காரியம் செய்தீர்கள், உங்கள் ஆபத்து நிறையவே குறைந்திருக்கும். விட்டு 10 முதல் 15 வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் புகைக்கவே புகைக்காதவரின் அளவுக்கு அது இறங்குவதில்லை, போதாததற்கு வயதும் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023ல் 'விட்டு இத்தனை வருடம்' என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது இதனால்தான்.

சிகரெட்டே தொட்டதில்ல. ஆனா எங்கப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்துச்சு. நான் எடுக்கணுமா?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது, கிழக்காசியப் பெண்களிடம் குறிப்பிடும்படியாகவே வருகிறது. தைவானில் புகைக்காத, ஆனால் குடும்ப வரலாறு போன்ற வேறு ஆபத்துகள் இருந்த 12,011 பேரை ஸ்கேன் செய்து பார்த்ததில் 2.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது. அதை வைத்து 2022ல் தைவான் அரசு, குடும்ப வரலாறு உள்ளவர்களையும் தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

ஆனால் முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கே அப்படியே பொருந்தும். இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் இல்லை, நிறையக் கண்டுபிடித்தார்கள் என்பது தெரியும், மரணம் குறைந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. அதனால் பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்களில் புகைக்காதவர்கள் இன்னும் இல்லை. அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது, அவர் புகைத்தாரா, வேறு யாருக்கும் வந்ததா என்பதோடு போய் மருத்துவரிடம் பேசுங்கள். ஆபத்து எதுவும் இல்லாத 35 வயதுக்காரர் 'எதுக்கும் ஒருமுறை பார்த்துடலாம்' என்று வந்தால், வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஸ்கேன் எப்படி இருக்கும்? ஊசி போடுவாங்களா?

ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. மல்லாக்கப் படுத்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, சொல்லும்போது சில நொடி மூச்சைப் பிடித்தால் போதும். வளையம் மாதிரி திறந்த கருவி, குழாய்க்குள் அடைபடுவது போல இருக்காது. சட்டையில் உலோகப் பித்தான், கழுத்தில் சங்கிலி இருந்தால் கழற்றச் சொல்வோம்.

இரண்டு வேண்டுகோள். சமீபத்தில் நெஞ்சுச்சளி, நிமோனியா மாதிரி வந்திருந்தால் சொல்லுங்கள், அந்த அழற்சியின் நிழலே கட்டி மாதிரி தெரியும், பொதுவாக மூன்று மாதம் போலத் தள்ளிவைப்பது நல்லது. அடுத்தது, எப்போதாவது நெஞ்சு சிடி எடுத்திருந்தால் அந்தப் பழைய படத்தைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். ஏன் என்பது கீழே நாட்யூல் கேள்வியில் வருகிறது.

புற்றுநோயைத் தேடப்போய் கதிர்வீச்சாலேயே புற்றுநோய் வந்துடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வகை ஸ்கேனில் கதிரளவு சுமார் 1.5 மில்லிசீவர்ட். மண், பாறை, காற்று, வானம் எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது, ஆக இது ஏழெட்டு மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். வழக்கமான நெஞ்சு சிடியில் இதைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும். அதனால் சீட்டில் 'குறைந்த கதிரளவு', பேச்சில் 'லோ டோஸ்', என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்.

ஆபத்து பூஜ்யம் இல்லை, வருடா வருடம் எடுத்தால் கூடிக்கொண்டும் போகும். ஐம்பதைத் தாண்டி நிறையப் புகைத்தவருக்குக் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. இளைஞருக்கும் ஆபத்து இல்லாதவருக்கும் அப்படி இல்லை, மேலே 35 வயதுக்காரரை வேண்டாம் என்றதில் இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்ல '5 மிமீ நாட்யூல்'னு போட்டிருக்கு சார். ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நாட்யூல் என்றால் நுரையீரலில் தெரியும் ஒரு சின்ன உருண்டை நிழல், அவ்வளவுதான் அந்த வார்த்தையின் பொருள். பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம், ஆறிப்போன பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி நிணநீர் முடிச்சாக இருக்கலாம். என்எல்எஸ்டி ஆய்வில் எடுத்த ஸ்கேன்களில் 24 சதவீதம் 'சந்தேகம்' என்று வந்தது, அப்படி வந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய் இல்லை. அப்போது 4 மில்லிமீட்டரிலிருந்தே சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள், இப்போது முதல் ஸ்கேனில் திடமான நாட்யூல் 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வழக்கம்போல அடுத்த வருடம் வந்தால் போதும் என்கிறார்கள். நெல்சன் ஆய்வில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நாட்யூல் இருந்தவர்களுக்கும் நாட்யூலே இல்லாதவர்களுக்கும் பிறகு புற்றுநோய் வந்த வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே 1 சதவீதத்துக்குக் கீழே.

பழைய படத்தைக் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய சிடியில் அதே இடத்தில் அதே அளவில் அந்தத் திட நாட்யூல் இருந்திருந்தால், அது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் எங்கோ கிடக்கும் ஒரு பழைய சிடி தகடு ஒருவரை பயாப்சியிலிருந்து, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதிலிருந்து, காப்பாற்றும். படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

எனக்கு 8 மிமீக்கு மேல இருக்கு. உடனே எடுத்துடலாமே, எதுக்கு மூணு மாசம் காத்திருக்கச் சொல்றாங்க?

வளர்கிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை என்பதால். புற்றுநோய் ஒரு வேகத்தில் வளரும், பெரும்பாலான திடக் கட்டிகள் கொள்ளளவில் இரட்டிப்பாக 400 நாளுக்குள்தான் ஆகும். தழும்பு அப்படியே கிடக்கும், தொற்று என்றால் சுருங்கும் அல்லது காணாமலே போகும். இதில் ஒரு நுட்பம் உண்டு: உருண்டையின் கொள்ளளவு இரட்டிப்பானாலும் குறுக்களவு 26 சதவீதம்தான் கூடும், 8 மில்லிமீட்டர் 10 ஆகும், அவ்வளவே. கண்ணுக்கு அது ஒன்றுமில்லாதது போலத் தெரியும், அதனால்தான் நெல்சனில் கணினியை வைத்துக் கொள்ளளவையே அளந்தார்கள்.

காத்திருக்காமல் ஊசி போட்டுப் பார்த்தால் என்ன? நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி விட்டுச் சதை எடுக்கும்போது சுமார் ஏழு பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிகிறது, அவர்களில் சிலருக்கு நெஞ்சில் குழாய் வைக்க வேண்டிவரும். 100ல் பெரும்பாலானவை தழும்பாக இருக்கும்போது எல்லோருக்கும் இதைச் செய்வது நியாயமில்லை. ஆனால் 15 மில்லிமீட்டரைத் தாண்டியது, ஓரம் முள் முள்ளாக இருப்பது, முந்தையதைவிட வளர்ந்தது என்றால் காத்திருக்க மாட்டார்கள், பெட் ஸ்கேன் (கட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று காட்டும் படம்), பயாப்சி என்று போவார்கள். உங்களுக்கு மூன்று மாதம் என்றால் மூன்று மாதத்தில் வாருங்கள், நாலாவது மாதம் கல்யாணம் முடிந்து வரலாம் என்று தள்ளாதீர்கள்.

கிரவுண்ட் கிளாஸ்னு எழுதியிருக்கு, அது என்ன?

பனி மூடிய கண்ணாடி மாதிரி மங்கலான நிழல். பெரும்பாலும் தொற்று, வந்த வழியே போய்விடும். போகாமல் நின்றால் மிக மெதுவாக வளரும் வகைப் புற்றுநோயாக இருக்கலாம், ஆகவே பல வருடம் தொடர்ந்து பார்ப்பார்கள். உள்ளே திடமான பகுதி உருவானால்தான் அவசரம்.

முதல் ஸ்கேன் சுத்தம். இனிமே கவலையில்லதானே?

இந்த வருடத்துக்கு இல்லை. இது தடுப்பூசி இல்லையே, ஒரு நாளில் எடுத்த படம். ஆய்வுகளில் கிடைத்த பலன் எல்லாம் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் கிடைத்தது. இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வேகமாக வளரும் புற்றுநோயும் உண்டு, பெரிய மூச்சுக்குழாய்க்குள்ளேயே இருப்பது படத்தில் தவறுவதும் உண்டு. சுத்தமான ரிப்போர்ட் கையில் இருந்தாலும் சளியில் ரத்தம் வந்தால் அடுத்த வருடம்வரை காத்திருக்கக் கூடாது.

ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. அப்போ சிகரெட் பிடிச்சுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். என்எல்எஸ்டி தரவுகளைப் பிறகு பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது: ஸ்கேன் எடுக்காவிட்டாலும் புகையை விட்டு ஏழு வருடம் ஆனவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு, அதாவது ஸ்கேன் கொடுத்த அதே பலன். விட்டு 15 வருடம் ஆகி, ஸ்கேனும் எடுத்தவர்களிடம் 38 சதவீதம். போதாததற்குப் புகை இதயத்தையும் மூளையின் ரத்தக் குழாயையும் சேர்த்தே கெடுக்கிறது, இந்த ஸ்கேன் அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. விட முடியவில்லை என்றால் அது மனவலிமை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, நிகோடின் பட்டை, மாத்திரை, ஆலோசனை எல்லாம் இருக்கின்றன, ஸ்கேனுக்கு வரும் அன்றே கேளுங்கள்.

ரிப்போர்ட்ல இதயக் குழாயில கால்சியம், எம்பிசீமான்னு வேற என்னமோ எழுதியிருக்கே?

தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. நெஞ்சுப் படத்தில் இதயமும் விழுகிறது, இதயக் குழாயில் கால்சியம் படிந்திருந்தால் மாரடைப்பு அபாயத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும், கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எம்பிசீமா என்றால் நுரையீரலின் காற்றறைகள் புகையால் சிதைந்திருக்கின்றன, மூச்சுத் திறன் பரிசோதனை எடுப்பது நல்லது. நிறையப் பேர் 'புற்றுநோய் இல்லை' என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

நிஜமாவே புற்றுநோய்னு வந்தா, நுரையீரலையே எடுத்துடுவாங்களா?

தொடக்கக் கட்டத்தில் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுப்பது அரிது. ஒரு மடலை, அதாவது நுரையீரலின் ஒரு பிரிவை, எடுப்பது நீண்டகால வழக்கம். 2 சென்டிமீட்டருக்குள், ஓரப் பகுதியில் இருக்கும் கட்டிகளுக்கு மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் போதும் என்று 2022லும் 2023லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. சின்னத் துளைகள் வழியாகவே பல இடங்களில் செய்கிறார்கள். அறுவையைத் தாங்க முடியாத உடம்பு என்றால் கட்டியைக் குறிவைத்துச் சில நாள் மட்டும் தரும் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு.

ஒண்ணும் பண்ணாத புற்றுநோயைக்கூடத் தேடிப்பிடிச்சு வெட்டிடுறாங்கன்னு சொல்றாங்களே?

அப்படி நடப்பது உண்மை. ஆயுள் முடியும்வரை தொந்தரவே தராத மெதுவான புற்றுநோயையும் ஸ்கேன் காட்டிவிடும், அது யாருக்கு எது என்று படத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. என்எல்எஸ்டியின் முதல் கணக்கில் ஸ்கேன் காட்டிய புற்றுநோய்களில் 18 சதவீதம்வரை இப்படி இருக்கலாம் என்றார்கள், வருடங்கள் போகப் போக எக்ஸ்ரே எடுத்த பக்கத்திலும் புற்றுநோய்கள் வெளியே வந்ததால் அது சுமார் 3 சதவீதமாக இறங்கியது. மேலே சொன்ன மங்கலான கிரவுண்ட் கிளாஸ் வகையில்தான் இந்தச் சிக்கல் அதிகம், அதனால்தான் அவற்றில் அவசரப்படுவதில்லை.

எங்க அப்பாவுக்கு 78 வயசு, வீட்ல ஆக்ஸிஜன் வச்சிருக்கார், முன்னாடி நிறைய புகைச்சவர். கூட்டிட்டு வரட்டுமா?

வயதுக் கணக்கில் அவர் வரலாம், ஆனால் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: ஏதாவது தெரிந்தால் அதற்குச் சிகிச்சை எடுக்க அவர் உடம்பு இடம் கொடுக்குமா, அவருக்கு அதில் விருப்பம் இருக்கிறதா? வழிகாட்டுதல்களே ஆயுளைக் குறைக்கும் வேறு பெரிய நோய் வந்துவிட்டால், அறுவைக்கு உடம்போ மனமோ இடம் தராவிட்டால் ஸ்கேனை நிறுத்திவிடலாம் என்கின்றன. வீட்டில் ஆக்ஸிஜனோடு இருப்பவருக்கு அறுவை பெரும்பாலும் முடியாது. அப்புறம் ஒரு நாட்யூல் தெரிந்து, அது என்னவென்று அறிய ஊசி போட்டு, அந்தக் காற்றுக் கசிவு அவருக்கு வந்தால் தாங்குவது கடினம்.

பிள்ளைகள் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு தவிப்பு இருக்கும், எதையோ செய்யாமல் விட்டுவிட்டோமோ என்று. உங்கள் அப்பாவுக்கு மூச்சு எளிதாக இருக்க இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா, தடுப்பூசிகள் போட்டாயிற்றா, வீட்டுக்குள் வேறு யாரும் புகைக்கிறார்களா என்று பாருங்கள். அவரோடு உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அதோடு, கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் ஐம்பதைத் தாண்டிப் புகைப்பவராக இருந்தால், வர வேண்டியவர் அநேகமாக நீங்கள்தான்.